விரலுக்குத் தக்க வீக்கம்

'விரலுக்குத் தக்க வீக்கம்' என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. வரவை மீறிச் செலவு செய்வோரை எச்சரிக்கவே இதனை நாம் பெரும்பாலும் எடுத்தாள்கிறோம். ஆயினும் இத்திங்கள் நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்கு இப்பழமொழி இருவகையிலும் பொருந்துகிறது. பணப்பைக்கும் பொருந்துகிறது, மெய்யான விரலுக்கும் பொருந்துகிறது. வீடியோ விளையாட்டுகளை ஆடுவதற்குப் பிள்ளைகள் இரு கைகளாலும் பற்றிக்கொள்ளும் 'கண்ட்ரோலர்' என்னும் கருவியைப் பற்றியே இங்கு எழுதுகிறோம்.

குடும்ப இதழில் விளையாட்டுச் சாமானைப் பற்றி எழுதுவதா என்று சிலர் முகம் சுளிக்கலாம். பிள்ளைகள் இவ்விளையாட்டுகளை எத்தனை மணி நேரம் ஆடலாம், எவற்றை ஆடலாம் என்பன தனியே ஆராயத்தக்கவை. கிறிஸ்மஸ் பரிசாகவோ, தேர்வில் தேறியதற்கு வெகுமதியாகவோ இக்கருவியை வாங்குவதென்று ஒரு குடும்பம் முடிவு செய்துவிட்டபின், அதனை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதே இன்று நம்முன் உள்ள கேள்வி. இதில் பெற்றோர் பலர் விலையை நோக்குகின்றனர், பெயரை நோக்குகின்றனர், நிறத்தைக்கூட நோக்குகின்றனர். கையை நோக்குவோர் மிகச் சிலரே.

வளரும் பிள்ளை என்று சட்டையைச் சற்றுப் பெரிதாகவே தைப்பது நம் வீடுகளில் வழக்கம். தொளதொளவென்ற சட்டையால் எவருக்கும் தீங்கில்லை. அடுத்த ஆண்டு அது சரியாகிவிடும். கண்ட்ரோலர் அத்தகையதன்று. பெரிய கருவியைச் சிறிய கையில் கொடுத்து, "போகப்போகப் பழகிவிடும்" என்கிறோமே, அங்கேதான் தவறு தொடங்குகிறது. கை பழகிக்கொள்ளும் என்பது உண்மையே. ஆனால் எவ்வாறு பழகுகிறது? பெருவிரலை வலிந்து நீட்டியும், மணிக்கட்டைக் கோணலாக வளைத்தும் அன்றோ பழகுகிறது!

இத்தவற்றைப் பெரிய நிறுவனங்களும் செய்தன என்பது இங்கு கருதத்தக்கது. அமெரிக்க நாட்டின் மைக்ரோசாப்ட் நிறுவனம் 2001-ஆம் ஆண்டில் தன் முதல் 'எக்ஸ்பாக்ஸ்' விளையாட்டுப் பொறியை வெளியிட்டது. அதனுடன் வந்த கண்ட்ரோலர் மிகப் பெரிது. 'ட்யூக்' என்ற பட்டப்பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. உள்ளே வைக்க வேண்டியிருந்த மின்சுற்றுப் பலகை பெரிதாக இருந்தமையால் வெளிக்கூடும் பெரிதாயிற்று. அதாவது, பலகைக்கேற்ற கருவி செய்தனர். கைக்கேற்ற கருவி செய்யவில்லை. 2002-இல் ஜப்பான் நாட்டில் அப்பொறியை விற்கச் சென்றபோது, அந்நாட்டவர்க்கென அளவில் சிறியதொரு கண்ட்ரோலரைச் செய்தனர். வியப்பு யாதெனில், அச்சிறிய கருவியையே பிற நாட்டவரும் விரும்பினர். விரைவில் அதுவே எங்கும் பொதுக் கருவியாயிற்று. மேலும், 2020-இல் வெளிவந்த எக்ஸ்பாக்ஸ் கண்ட்ரோலரை வடிவமைத்தபோது, எட்டு வயதுச் சிறுவரின் கையை ஒத்த கைகளுக்கும் அது பொருந்த வேண்டும் என்பதை அந்நிறுவனத்தார் கருத்தில் கொண்டனர். பெரிய கையுடையோர்க்கு அதனால் இடையூறு நேராதபடியும் பார்த்துக்கொண்டனர். கோடிக்கணக்கில் செலவிடும் நிறுவனமே கையை அளந்து பார்த்த பின்னர், நாம் மட்டும் அளவாமல் வாங்கலாமா?

கையை அளப்பதற்கு அளவுகோல் வேண்டியதில்லை. யார் ஆடப்போகிறாரோ அவரையே கடைக்கு அழைத்துச் செல்க. காட்சிக்கு வைத்துள்ள கருவியைக் கையில் கொடுக்கச் சொல்க. கடைக்குச் செல்ல இயலாதோர், அதே கருவியை வைத்திருக்கும் உறவினர் வீட்டிலோ நண்பர் வீட்டிலோ பற்றிப் பார்க்கலாம். நான்கு செய்திகளைக் கவனித்தல் போதும்.

முதலாவது, பிடி. உள்ளங்கையும் கடைசி மூன்று விரல்களுமே கருவியைத் தாங்க வேண்டும். பெருவிரல்களை முற்றிலும் எடுத்துவிட்ட பின்னும் கருவி கையில் அசையாது நிற்குமானால் பிடி சரியானது. நழுவுமானால் அது அக்கைக்கு உரியதன்று.

இரண்டாவது, எட்டும் தொலைவு. கருவியின் முகப்பில் இரண்டு சிறு தண்டுகள் உள்ளன. இவற்றை 'ஸ்டிக்' என்பர். வலப்பெருவிரல், வலப்பக்கத் தண்டிலிருந்து மிகத் தொலைவிலுள்ள பொத்தானுக்கு, உள்ளங்கை இடம்பெயராமல் செல்ல வேண்டும். இடப்பெருவிரலும் அவ்வாறே தன் பக்கத் தண்டிலிருந்து கூட்டல் குறி வடிவிலுள்ள பொத்தானுக்குச் செல்ல வேண்டும். ஒவ்வொரு முறையும் கை நகர்ந்தால் கருவி பெரிது. மாறாக, பெருவிரல் கூனிக் குறுகி நின்றால் கருவி சிறிது.

மூன்றாவது, சுட்டுவிரல். கருவியின் பின்புறத்தே துப்பாக்கி விசை போன்ற இரு விசைகள் உண்டு. சுட்டுவிரலின் முதற்கணு அவற்றின்மேல் இயல்பாகப் படிய வேண்டும். நகநுனி மட்டும் தொட்டால் போதாது.

நான்காவது, எடை. சோனி நிறுவனம் 2013-இல் வெளியிட்ட பிளேஸ்டேஷன் 4 கண்ட்ரோலரின் எடை சுமார் 210 கிராம். அதே நிறுவனம் 2020-இல் வெளியிட்ட 'டூயல்சென்ஸ்' சுமார் 280 கிராம். 70 கிராம்தானே என்று தோன்றலாம். மேசையில் ஊன்றாமல் பத்து நிமிடம் பற்றியிருக்கச் சொல்லுங்கள். சிறு பிள்ளையின் தோள் தொங்குகிறதா என்பதைக் கண்டுகொள்ளலாம்.

தண்டுகளின் அமைப்பும் ஒன்றுபோல் இல்லை. பிளேஸ்டேஷன் வகையில் இரு தண்டுகளும் கீழே அருகருகே நிற்கின்றன. எக்ஸ்பாக்ஸ் வகையில் இடத்தண்டு மேலேயும் வலத்தண்டு கீழேயும் உள்ளன. முப்பரிமாண விளையாட்டுகளில் இடத்தண்டுக்கே ஓயாத வேலை. எக்ஸ்பாக்ஸ் அமைப்பில் பெருவிரல் இயல்பாகப் படியும் இடத்தில் அது இருப்பதால் பலருக்கு எளிதாக உள்ளது. ஓடிக் குதிக்கும் பழைய பாணி விளையாட்டுகளுக்கோ தண்டைவிடக் கூட்டல் குறிப் பொத்தானே ஏற்றது. ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனத்தைச் சேர்ந்த குன்பே யோகோய் 1982-இல் ஒரு சிறு கையடக்க விளையாட்டுக்காக அமைத்த பொத்தான் அது. பிளேஸ்டேஷன் வகையில் அது கைக்கு வாகான மேலிடத்தில் இருக்கின்றது. ஆகவே, எது சிறந்தது என்று கேட்பதைவிட, எந்த விளையாட்டுக்கு, எந்தக் கைக்கு என்று கேட்பதே அறிவுடைமை.

இத்துணை நுணுக்கமாகப் பார்ப்பது எதற்கு என்பீர்களாயின், வலி உண்மையானது என்பதே நம் விடை. தொடர்ந்து ஐந்து மணி நேரம் நிண்டெண்டோ விளையாடிய 35 வயதுப் பெண்ணொருவர் கடுமையான பெருவிரல் வலியுடன் மருத்துவரிடம் சென்ற செய்தி, 1990-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வெளியாயிற்று. மருத்துவர் அதற்கு 'நிண்டெண்டினைட்டிஸ்' என்றே பெயரிட்டார். வளர்ந்தவர் மருத்துவரிடம் செல்கிறார். பிள்ளை என் செய்யும்? வலிக்கிறதென்று சொன்னால் பெற்றோர் கருவியைப் பிடுங்கிக்கொள்வரோ என்று அஞ்சி வாய் திறவாதிருக்கும். பிள்ளை எழுதும்போது பேனாவை மாற்றி மாற்றிப் பிடித்தாலோ, பெருவிரலின் அடியை அடிக்கடி தேய்த்துக்கொண்டாலோ, பெற்றோர் அதனை அசட்டை செய்யலாகாது. ஓய்வு கொடுக்க வேண்டும்; வலி நீடித்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இனி, பொறிக்குப் பொருந்துமா என்பதனையும் வாங்குமுன் கேட்டறிதல் வேண்டும். பிளேஸ்டேஷன் 5 பொறியில் பழைய பிளேஸ்டேஷன் 4 கண்ட்ரோலரை இணைத்தால் பழைய விளையாட்டுகளையே ஆடலாம். புதிய பொறிக்கென்றே வந்தவற்றை ஆட இயலாது. எக்ஸ்பாக்ஸ் ஒன் கண்ட்ரோலரோ அடுத்து வந்த எக்ஸ்பாக்ஸ் பொறிகளிலும் இயங்கும். வீட்டில் விண்டோஸ் கணினி மட்டும் இருப்பின் எக்ஸ்பாக்ஸ் வகையே தொல்லையின்றி இணையும். கைப்பேசியில் ஆடுவோர் முதலில் தம் விளையாட்டு இக்கருவியை ஏற்குமா என்று பார்த்துக்கொள்க. ஏற்காத விளையாட்டுகள் பல உள. வாங்கி வந்தபின் இதனை அறிந்து வருந்துவதில் பயனில்லை.

அடுத்து, பணப்பையைப் பார்ப்போம். எக்ஸ்பாக்ஸ், பிளேஸ்டேஷன் நிறுவனங்களின் சொந்தக் கண்ட்ரோலர்கள் நம் நாட்டில் ஏறத்தாழ ரூ. 5,000-ஐ ஒட்டியோ அதனைக் கடந்தோ விற்கின்றன. காஸ்மிக் பைட், எவோஃபாக்ஸ் போன்ற இந்திய விற்பனைப் பெயர்களில் வரும் கம்பியுள்ள கருவிகள் ரூ. 1,000 முதல் 2,000-க்குள் கிடைக்கின்றன. 8பிட்டூ, கேம்சர் முதலிய சீன நிறுவனங்களின் கருவிகள் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டவை. விலை நாளுக்கு நாள் மாறும். எனினும் இவ்வரிசை உங்களுக்கு ஒரு வழிகாட்டி.

மலிவானது யாவும் தாழ்ந்ததன்று. விலை மிக்கது யாவும் நீடிப்பதன்று. இதற்குச் சான்று அத்தண்டுகளிலேயே இருக்கின்றது. பெரும்பாலான கருவிகளில் தண்டின் அடியில் ஒரு மெல்லிய கரித்தடமும் அதன்மேல் உரசிச் செல்லும் ஒரு முனையும் உள்ளன. உரச உரசத் தடம் தேய்கிறது. அதன்பின் கையை எடுத்துவிட்டாலும் திரையிலுள்ள உருவம் தானே நடக்கத் தொடங்குகிறது. இக்கோளாற்றை 'டிரிஃப்ட்' என்பர். நிண்டெண்டோவின் சிறு கண்ட்ரோலர்களில் இது மிகுதியாகத் தோன்றியதால், அந்நிறுவனத் தலைவரே 2020-இல் வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது.

இதற்கு மாற்றாகக் காந்தத்தைப் பயன்படுத்தும் தண்டுகள் உள்ளன. எட்வின் ஹால் என்ற அமெரிக்க அறிவியலார் 1879-இல் கண்டறிந்த விளைவின் அடிப்படையில் இவை இயங்குவதால் 'ஹால் எஃபெக்ட்' என்று பெயர். காந்தமும் உணர்கருவியும் ஒன்றையொன்று தொடுவதில்லை. தொடாதது உரசித் தேய்வதும் இல்லை. இவ்வமைப்பு சுமார் ரூ. 2,000 முதல் 4,000 வரையிலான கருவிகள் பலவற்றில் இருக்கிறது; பெருநிறுவனங்களின் விலை மிகுந்த பொதுக் கருவிகளிலோ இல்லை. ரூ. 1,000 கொடுத்து ஆண்டுக்கொன்று வாங்கும் குடும்பம், மூன்றாண்டில் ரூ. 3,000 செலவிட்டிருக்கும், வீட்டிலோ பழுதான கருவிகள்தாம் மிஞ்சியிருக்கும்.

பேட்டரியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். எக்ஸ்பாக்ஸ் கண்ட்ரோலருக்குச் சுவர்க்கடிகாரத்தில் இடும் அளவுள்ள பேட்டரி இரண்டு தேவை. மீண்டும் மின்னேற்றத்தக்க பேட்டரிகளை வாங்கினால் செலவு குறையும். டூயல்சென்ஸில் பேட்டரி உள்ளேயே அடங்கியுள்ளது. செலவில்லை, ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல அதன் வலிமை குன்றும். கம்பியுள்ள கருவிக்கு இக்கவலையே இல்லை. கணினிக்கு அருகே அமர்ந்து ஆடும் பிள்ளைக்குக் கம்பியுள்ளதே போதும்.

பெரிய நிறுவனத்தின் பெயரைப் பொறித்து மூன்றிலொரு பங்கு விலைக்கு விற்கப்படுவது பெரும்பாலும் போலியே. ஆகவே இரசீதும் உத்தரவாதச் சீட்டும் பெறாமல் வாங்க வேண்டாம்.

இன்னும் இரண்டு செய்திகள் சொல்லவேண்டியுள்ளது. இவை பணத்தினும் பெரியவை. பல வீடுகளில் நல்ல கண்ட்ரோலர் மூத்தவனுக்கு. பொத்தான் சிக்கிக்கொள்ளும் பழையது இளையவளுக்கு. பின்னர் இருவரும் போட்டியிட, தோற்றவளைப் பார்த்து, "உனக்கு விளையாடத் தெரியவில்லை" என்கின்றனர். இது நீதியாகுமா? மூத்தவன் கைக்கு ரூ. 5,000-இல் ஒன்று வாங்குவதைவிட, அவரவர் கைக்கேற்ப நடுத்தர விலையில் இரண்டு வாங்குவது மேல்.

கை வலுவற்ற பிள்ளைகள் உள்ள வீடுகளும் நம்மிடையே உண்டு. அவர்களுக்கென 2018-இல் மைக்ரோசாப்ட் ஒரு தனிக் கருவியை வெளியிட்டது. அகன்ற இரு பொத்தான்களும், கால், முழங்கை, தலை ஆகியவற்றால் அழுத்தும் விசைகளை இணைக்கப் பத்தொன்பது துளைகளும் அதில் உள்ளன. சோனியும் 2023-இல் 'ஆக்ஸஸ்' என்ற கருவியைத் தந்தது. இவற்றின் விலை மிகுதி. வேண்டிய விசைகளைத் தனியே வாங்கவும் வேண்டும். ஆயினும் செலவின்றி ஆகக்கூடியதும் ஒன்றுண்டு. எக்ஸ்பாக்ஸ் பொறியில் இரு கண்ட்ரோலர்களை இணைத்து ஒரே ஆட்டக்காரராக ஆடும் வசதி 2017 முதல் இருக்கிறது. பிள்ளையால் இயன்ற பொத்தானைப் பிள்ளை அழுத்தலாம். இயலாததைத் தந்தையோ தமக்கையோ அழுத்தலாம். டூயல்சென்ஸின் விசைகள் விரலை எதிர்த்துத் தள்ளுவதையும், அதிர்வதையும் அமைப்புப் பக்கத்திலேயே நிறுத்திவிடலாம். பொத்தான்களின் பணியை இடம் மாற்றிக்கொள்ளும் வழியும் இரு பொறிகளிலும் உண்டு. இவ்வசதிகளை அறியாமையால், ஆடக்கூடிய பிள்ளை பார்வையாளராக ஒதுங்கி அமர்ந்திருக்கும் வீடுகள் எத்தனையோ!

ஐந்து விரலும் ஒன்றுபோல் இருப்பதில்லை என்று அடிக்கடி சொல்கிறோம். பத்துப் பிள்ளைகளின் கைகள் மட்டும் ஒன்றுபோல் இருக்குமா? பெற்றோரே, பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் இருப்பதை உங்கள் பிள்ளைக்கும் வாங்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உங்கள் வரவு எவ்வளவு என்பதனை நீங்கள் அறிவீர்கள். கை எவ்வளவு என்பதனைப் பிள்ளையிடமே கேட்டறியுங்கள். கருவியைக் கையில் கொடுத்து, "எட்டுகிறதா? வலிக்கிறதா?" என்று வினவுங்கள். மறுமொழி வரும்வரை பொறுத்திருந்து, அதன்பின் பணப்பையைத் திறவுங்கள்.