அபிஷேகத் தைலத்தின் யோக்கியதை

எண்ணெய் என்பது தலையில் தேய்த்து முழுகவும், விளக்கெரிக்கவும், பலகாரஞ் சுடவும் உதவுகின்ற ஒரு நல்ல வஸ்து. இதற்குமேல் அதற்கு ஒரு தெய்வத் தன்மையும் இருப்பதாகக் கிறிஸ்தவ குருமார்கள் சொல்லுகின்றார்கள். இதென்ன வேடிக்கை என்று கேட்டால், “நாங்கள் எண்ணெயையா வணங்குகின்றோம்? அது பரிசுத்த ஆவியைக் குறிக்கின்ற ஞான அடையாளந்தானே” என்று சமாதானம் வருகின்றது. அடையாளம் என்றால் நமக்கு ஆட்சேபணையே இல்லை. கடைவாசலில் தொங்குகின்ற பலகைகூட அடையாளந்தான். அதை யார் மாட்டினாலும் கடை கடைதான். ஆனால் இன்னார் மந்திரித்தால்தான் செல்லும், இன்னார் பூசினால்தான் பலிக்கும், மற்றவன் பூசினால் செல்லாது என்றால் அது அடையாளமா அல்லது ஒரு கூட்டத்தாருக்குக் கொடுத்த லைசென்ஸா என்று கேட்கின்றோம்.

அவர்கள் வேதத்தையே பார்ப்போம். யாத்திராகமம் 30-ம் அதிகாரத்தில் இந்தத் தைலத்திற்குக் கடவுளே பக்குவஞ் சொல்லுகின்றார். வெள்ளைப்போளம் 500 சேக்கல், கருவாப்பட்டை 250, வசம்பு 250, இலவங்கப்பட்டை 500, அத்துடன் ஒலிவ எண்ணெய். எல்லாம் நாட்டு மருந்துக்கடைச் சரக்கு. ஆனால் இதைப் போல வேறொருவன் கூட்டினாலும், அந்நியன்மேல் பூசினாலும் அவன் ஜனத்தாரிலிருந்து அறுப்புண்டு போகவேண்டுமாம். ஆரோனும் அவன் பிள்ளைகளும் ஆசாரியர்களாவதற்கு இந்தத் தைலம், மற்றவர்களுக்குத் தண்டனை. உலகத்தைப் படைத்த கடவுளுக்கு ஒரு தைலத்தின் பக்குவத்தை யாரும் காப்பியடித்து விடுவார்களோ என்ற பயம் ஏன் வந்தது? பயம் கடவுளுக்கா, ஆசாரியனுக்கா?

“மேசியா” என்ற எபிரேயச் சொல்லுக்கும் “கிறிஸ்து” என்ற கிரேக்கச் சொல்லுக்கும் எண்ணெய் வார்க்கப்பட்டவர் என்பதுதான் அர்த்தம். அரசனையும் இப்படித்தான் உண்டாக்கினார்கள். சாமுவேல் தீர்க்கதரிசி முதலில் சவுலின் தலையில் எண்ணெயை ஊற்றி அவனை ராஜாவாக்கினார். சவுல் சொன்னபடி நடக்கவில்லை என்றதும், அவன் உயிரோடு சிங்காதனத்தில் இருக்கும்போதே தாவீதின் தலையில் ஊற்றிவிட்டார். ஆகவே ராஜாவைவிடப் பெரியவன் யாரென்றால் எண்ணெய்க் கொம்பைக் கையில் வைத்திருப்பவன்தான் என்பது விளங்கவில்லையா?

இந்தத் தந்திரத்தை ஐரோப்பாவில் நன்றாய்க் கற்றுக்கொண்டார்கள். பிரஞ்சு தேசத்து ரெய்ம்ஸ் நகரில் குளோவிஸ் என்ற அரசனுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது வானத்திலிருந்து ஒரு புறா எண்ணெய்க் குப்பியைக் கொண்டுவந்து கொடுத்ததாம். இந்தக் கதையைப் பிரபலப்படுத்தியவர் யார்? குளோவிஸ் செத்து முந்நூறு வருஷங்களுக்குமேல் கழித்து, 9-ம் நூற்றாண்டில், அதே ரெய்ம்ஸ் நகரத்து அர்ச்பிஷப்பாயிருந்த ஹிங்க்மார். அரசர்களுக்கு எண்ணெய் பூசும் பாத்தியதை தன் கோவிலுக்கே சேரவேண்டும் என்று வாதாடியவரும் அவரேதான். ஸ்தல புராணம் எழுதுவது நம்மூர்க் குருக்களுக்கு மாத்திரம் தெரிந்த வித்தை என்று யாரும் நினைக்கவேண்டாம்.

புறா கொண்டுவந்த எண்ணெயின் காவலைத்தான் பார்ப்போமே. 1775-ல் அந்த எண்ணெயைப் பூசிக்கொண்ட 16-ம் லூயியின் தலை 1793 ஜனவரியில் வெட்டுண்டு விழுந்தது. அதே வருஷம் அக்டோபரில் புரட்சிக்காரரான பிலிப் ரூல் என்பவர் அந்தக் குப்பியை ஊர் நடுவில் எல்லோரும் பார்க்க உடைத்தெறிந்தார். இடி விழவில்லை. ஆனால் 1825-ல் 10-ம் சார்லஸ் முடிசூடும்போது, உடைந்த குப்பியின் எண்ணெயில் கொஞ்சம் மிச்சப்படுத்தி வைத்திருந்ததாகச் சொல்லி மறுபடியும் கொண்டுவந்து பூசினார்கள்! ஐந்து வருஷத்தில், 1830-ல், ஜனங்கள் அவரையும் நாட்டைவிட்டே துரத்தினார்கள்.

எண்ணெய் பூசிய அரசன் தொட்டால் கண்டமாலை நோய் தீரும் என்று பிரான்சிலும் இங்கிலாந்திலும் நூற்றாண்டுக் கணக்கில் நம்பி ஏழைகள் வரிசையில் நின்றார்கள். பெரிய புலவராகப் பின்னால் விளங்கிய சாமுவேல் ஜான்சனைச் சிறு குழந்தையாயிருக்கும்போது 1712-ல் ஆன் ராணியிடம் கொண்டுபோய்த் தொடவைத்தார்கள். நோயின் தழும்பு அவர் சாகிறவரையில் போகவில்லை. கண்டமாலை க்ஷயரோகக் கிருமியால் வருவது. அந்தக் கிருமியைக் கொல்லும் ஸ்ட்ரெப்டோமைசின் 1943-ல் அமெரிக்காவில், மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து கிடைத்தது. எந்த அர்ச்பிஷப்பின் குப்பியிலிருந்தும் அல்ல.

இதெல்லாம் பழங்கதை என்று சொல்லுவார்களானால், 2023-ல் லண்டனில் நடந்தது என்ன? 3-ம் சார்லஸ் மன்னருக்காக ஒலிவ மலையில் விளைந்த ஒலிவங்காயை ஆட்டி, வாசனை கூட்டி, ஜெருசலேமில் மந்திரித்துக் கொண்டுவந்தார்கள். முந்திய எண்ணெயில் புனுகும், திமிங்கிலத்திலிருந்து வரும் அம்பரும் சேர்ந்திருந்தன. இந்தத் தடவை பிராணிகளிடமிருந்து எடுத்த சரக்கு வேண்டாமென்று நீக்கிவிட்டார்கள். காலத்துக்குத் தக்கபடி பக்குவத்தை மாற்றினால் ஆவி கோபித்துக்கொள்ளாது போலிருக்கின்றது. முடிசூட்டைப் பார்க்க உலகத்தையே டெலிவிஷன் முன் உட்கார வைத்துவிட்டு, எண்ணெய் பூசும் சமயத்தில் மாத்திரம் திரை கட்டி மறைத்துக் கொண்டார்கள். நம் கோவிலில் திரை போடுவதைப் பரிகசிக்கும் பாதிரிமார்கள் இதற்கு என்ன பதில் சொல்லுவார்கள்? தமிழில் வேதத்தை மொழிபெயர்த்தவர்கள் இதற்கு “அபிஷேகம்” என்றே பெயர் வைத்தது மிகவும் பொருத்தந்தான். எண்ணெய் ஆட்டிக் கொடுப்பவன் வெளியிலும் ஊற்றுகின்றவன் உள்ளேயும் நிற்பது நமக்குப் புதிதல்லவே.

அரசர்கள் எப்படியோ போகட்டும். ஏழை நோயாளியின் சங்கதிக்கு வருவோம். கத்தோலிக்கர்கள் அவஸ்தைப்பூசுதல் என்று ஒன்று வைத்திருக்கின்றார்கள். இப்பொழுது நோயில் பூசுதல் என்று பெயரை மாற்றிக்கொண்டார்கள். பெயர் மாறிற்றே தவிர சட்டம் மாறவில்லை. குருப்பட்டம் பெற்ற ஆண் பூசினால்தான் அது செல்லும். ஆஸ்பத்திரியில் அந்த நோயாளியின் சீழைத் துடைத்து, மலத்தை எடுத்து, கஞ்சி ஊட்டி, இராத்திரி பூராவும் விழித்திருக்கின்ற கன்னியாஸ்திரீ இருக்கின்றாரே, அவர் கையால் பூசினால் செல்லாதாம். அவர் பெண், அவருக்குக் குருப்பட்டமே கிடையாது. நோயாளிக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தாலும், பத்து மைலுக்கப்பால் இருக்கின்ற குருவுக்கு ஆள் போகவேண்டும். அதுவரையில் எண்ணெய் கிண்ணத்தில் காத்திருக்க வேண்டும். வெறும் அடையாளந்தானென்றால், பக்கத்திலேயே நிற்கின்ற அந்த அம்மாள் தொட்டுப் பூசினால் என்ன கெட்டுப்போகும் என்பதைக் குருமார்கள் சொல்லட்டும்.