ஓர் ஒற்றெழுத்தும் ஒரு கேள்வியும்



‘வேலை கொடு’ என்று எழுதினால் பணி கேட்கிறோம். ‘வேலைக் கொடு’ என்று எழுதினால் முருகன் கையிலுள்ள வேலைக் கேட்கிறோம். நடுவில் நிற்கும் ஒரே ஒரு ‘க்’ பொருளையே மாற்றிவிடுகிறது. இந்த ஒற்றெழுத்தைத்தான் நம் பிள்ளைகள் கட்டுரைகளில் அடிக்கடி தவறவிடுகிறார்கள். பிழை பிள்ளைகளுடையதா, நாம் கற்பிக்கும் முறையினுடையதா? பெரும்பகுதி நம்முடையதே என்பது என் கருத்து. முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன்.

பல ஆண்டுகளாக வலிமிகும் இடங்களை நான் பட்டியலாகவே கற்பித்து வந்தேன். வெண்பலகையில் விதியை எழுதுவேன், மூன்று எடுத்துக்காட்டுகள் தருவேன், பயிற்றியை நீட்டுவேன். ஒருமுறை ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி, இரண்டாம் வேற்றுமை, நான்காம் வேற்றுமை உருபுகளுக்குப் பின் வலிமிகும் என்று தடங்கலின்றி ஒப்புவித்தாள். பயிற்றியில் பத்துக்குப் பத்து. அதே வாரம் அவள் எழுதிய கட்டுரையின் முதல் வரி, ‘நான் பள்ளிக்கு சென்றேன்’ என்று இருந்தது. விதி அவள் நினைவில் இருந்தது. கைக்கு வந்து சேரவில்லை.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் விதிவருமுறை, விதிவிளக்குமுறை ஆகிய இரண்டையும் படித்தவன்தான் நான். எடுத்துக்காட்டுகளை ஆராய்ந்து விதியை அடைவது முன்னது. விதியைச் சொல்லி எடுத்துக்காட்டுகளுக்கு வருவது பின்னது. வகுப்பறைக்கு வந்தபின் பின்னதையே பற்றிக்கொண்டேன். ‘யு.பி.எஸ்.ஆர். நெருங்குகிறது, நேரமில்லை’ என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். 2021-ஆம் ஆண்டில் அத்தேர்வு அகற்றப்பட்டது. என் சமாதானமும் அதோடு போயிற்று.

அதன்பின் ஒருநாள் விதி எதையும் சொல்லாமல் பலகையில் இரண்டு வரிசைகள் எழுதினேன்.

படித்துப் பார்த்தான், கேட்டுச் சொன்னான், விற்றுத் தீர்த்தான்.

வந்து பார்த்தான், உண்டு களித்தான், சென்று சேர்ந்தான்.

உரக்க வாசிக்கச் செய்தேன். பிறகு, “முதல் வரிசையில் ஒற்று வருகிறது, இரண்டாவதில் வரவில்லை. ஏன்?” என்று மட்டும் கேட்டேன். ஒரு குழு, இரண்டாம் சொல்லின் முதலெழுத்தே காரணம் என்றது. ‘பார்த்தான்’ இரண்டு வரிசையிலும் இருக்கிறதே என்று மற்றொரு குழு மடக்கியது. நான் வாய் திறக்கவில்லை. ஆசிரியருக்கு மிகக் கடினமான வேலை அதுதான்! சற்று நேரம் கழித்து, அதிகம் பேசாத மாணவன் ஒருவன் எழுந்தான். “ஐயா, த்து, ட்டு, ற்று வந்தா ஒற்று வருது, ந்து, ண்டு, ன்று வந்தா வரல” என்றான். உடனே ஒரு மாணவி, “அப்படின்னா ‘செய்து பார்த்தான்’?” என்று கேட்டாள். வகுப்பு மீண்டும் யோசித்தது. ஈற்று ‘உ’ ஏறிய எழுத்துக்கு முன் வல்லின மெய் இருந்தால் மட்டுமே ஒற்று மிகும் என்று அவர்களே தங்கள் விதியைத் திருத்திக்கொண்டார்கள். அதன்பிறகே ‘வன்தொடர்க் குற்றியலுகரம்’ என்ற பெயரைச் சொன்னேன்.

இது எப்படி இயன்றது? வீட்டில் ‘படிச்சுப் பாத்தேன்’ என்றும் ‘வந்து பாத்தேன்’ என்றும் பேசும் பிள்ளைக்கு இந்த வேறுபாடு காதிலும் நாவிலும் ஏற்கெனவே இருக்கிறது. நாம் புதிதாக எதையும் திணிக்கவில்லை. தனக்குத் தெரிந்ததையே அது அறிந்துகொள்ளச் செய்கிறோம்.

ஆனால், கண்டறிதல் மட்டும் போதாது. கண்டறிந்தது பழக்கமாக வேண்டும். அடுத்த இரண்டு வாரங்கள் பிள்ளைகள் தங்கள் பழைய கட்டுரைகளை எடுத்து, விடுபட்ட ஒற்றுகளைத் தாங்களே இட்டு, ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதினார்கள். நாளும் ஐந்து வாக்கியம் சொல்வதெழுதுதல். ஒற்றுப்பிழை அடியோடு ஒழிந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். எழுதிய வாக்கியத்தைத் திரும்பப் படித்துப் பார்க்கும் பழக்கம் வந்திருக்கிறது. எனக்கு அதுவே பெரிது.

இம்முறைக்கு எல்லைகள் உண்டு. ஒரு பாடவேளையில் முடிந்தது மூன்றை விழுங்கும். வல்லின எழுத்துகள் எவை, வேற்றுமைகளின் பெயர்கள் எவை என்பனவற்றை நாம்தான் சொல்லித்தர வேண்டும். கண்டுபிடிக்கச் சொல்வது வீண். வீட்டில் தமிழ் பேசாத பிள்ளைக்குக் காது துணை நிற்காது. அப்பிள்ளைக்கு முதலில் நிறைய வாசித்துக் காட்ட வேண்டும். வாசிக்க வைக்கவும் வேண்டும். இல்லையேல் ஆராய்தல் வெறும் ஊகமாகிவிடும். ஆயினும், ஒரே பட்டியலை நான்காம், ஐந்தாம், ஆறாம் ஆண்டுகளில் திரும்பத் திரும்பச் சொல்லி இழக்கும் நேரத்தை எண்ணிப் பார்த்தால் மூன்று பாடவேளை அதிகமில்லை.

ஒரு தாயார் என்னிடம், “நோட்டுல குறிப்பே இல்லையே சார்?” என்று வருத்தப்பட்டார். அடித்தும் திருத்தியும் அவர் மகன் எழுதியிருந்த விதியைக் காட்டினேன். நான் எழுதிப்போடும் பத்துக் குறிப்புகளைவிட அந்த ஒரு பக்கம் மேலானது என்றேன்.

பெற்றோர்களே, இனி ‘விதி மனப்பாடமா?’ என்று கேட்காதீர்கள். பிள்ளை எழுதிய ஒரு வரியைச் சுட்டி, ‘இங்கே ஏன் ஒற்று வந்தது?’ என்று கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் இருவரும் சேர்ந்து உரக்க வாசித்துப் பாருங்கள். ஆசிரிய நண்பர்களே, அடுத்த இலக்கணப் பாடத்தில் விதியைச் சொல்லுமுன் பிள்ளைகளுக்குச் சற்று நேரம் கொடுங்கள்.

அன்புடன்,
ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியன்