விளக்கும் வேண்டும், எண்ணெயும் வேண்டும்

ஐப்பசி கார்த்திகை என்றால் அடைமழை என்பதை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வடகிழக்குப் பருவக்காற்று நம் கரையோரத்துக்கு மழையைத் தருகிறது. சில ஆண்டுகளில் மழையோடு புயலையும் தருகிறது. 2011 டிசம்பர் 30 இல் கடலூரைச் சாய்த்த தானே, 2016 டிசம்பர் 12 இல் சென்னையைக் கடந்த வர்தா, 2018 நவம்பர் 16 விடியற்காலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா எனப் பெயர்களை ஐந்தாம் வகுப்புச் சிறுமியும் ஒப்பிப்பாள். ஆயினும், எச்சரிக்கை வந்த பிறகே வீடுகள் பலவற்றில் டார்ச் விளக்கைத் தேடும் படலம் தொடங்குகிறது. அது அலமாரியின் அடித்தட்டில் அகப்படும். திறந்தால் கட்டைகள் கசிந்து, உப்புப் பூத்து, உள்ளிருக்கும் வில்கம்பி துருவேறிக் கிடக்கும். பிள்ளைகளுள் ஒருவரைக் கடைக்கு விரட்டுவார்கள். கடையிலோ ஊரே திரண்டு நிற்கும். பாலும் ரொட்டியும் மெழுகுதிரியும் அதற்குள் தீர்ந்திருக்கும்.

விளக்கு வாங்குவதும் ஒரு பொருளா, இதற்கு ஆண்டு மலரில் இத்தனை பக்கமா என்று தோழியர் சிலர் நகைக்கலாம். நகைக்கட்டும். நம் கருத்து இதுதான்: ஆபத்துக் காலத்துக்கென வீட்டில் வைக்கும் பொருள்களைத் தேர்ந்தெடுப்பவர்கள் பெரும்பாலும் வெளியே போகிறவர்கள், அவற்றை நம்பி இருட்டில் உட்கார்ந்திருப்பவர்களோ பெண்களும் முதியோரும் குழந்தைகளும். ஆதலின் அவற்றைத் தேர்ந்தெடுப்பதிலும் பேணுவதிலும் நமக்குப் பங்கு வேண்டும்.

ஒரு வீட்டுக்கு ஒரு டார்ச் என்பது நெடுநாள் வழக்கம். புயலன்று அந்த ஒரு டார்ச் எங்கே இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். முருங்கை மரம் விழுந்ததா, ஓடு பறந்ததா, பக்கத்து வீட்டார் நலமா என்று பார்க்க அப்பாவோ அண்ணனோ அதை எடுத்துக்கொண்டு வெளியே போயிருப்பார். போவது நல்ல எண்ணத்தால்தான். ஆனால் அவர் திரும்பும்வரை வீட்டில் எஞ்சியோர் இருளில்தான். அதிலும் புயலின் கண் ஊருக்கு மேலே வரும்போது காற்று சட்டென அடங்கிவிடும். வர்தாவின்போது சென்னையில் அவ்வாறு அடங்கியது. எல்லாம் முடிந்தது என்று வெளியே வந்தவர்மீது சிறிது நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து காற்று மறுபடியும் அடிக்கும். போனவர் போன இடத்திலேயே ஒதுங்க வேண்டியதுதான். விளக்கும் அவரோடு ஒதுங்கிவிடும்.

வீட்டைவிட்டு முகாமுக்குப் போனாலும் இதே கதை. புயல் நாள்களில் பள்ளிக்கூடங்களே நிவாரண முகாம்களாகின்றன. பகலில் நாம் பாடம் படிக்கும் அதே அறையில் இரவில் பல குடும்பங்கள் படுத்திருக்கும். கழிப்பறை மைதானத்தின் மறுகோடியில் இருக்கும். கையில் வெளிச்சமில்லாத பெண்பிள்ளை என்ன செய்வாள்? மாலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டிருப்பாள். அல்லது யாரேனும் துணைக்கு எழும்வரை விழித்துக் கிடப்பாள். வெள்ளம் வந்தால் பாம்பும் தேளும் மேட்டைத் தேடி வரும் என்பது வேறு. வீட்டில் எத்தனை பேரோ அத்தனை டார்ச் வேண்டும் என்று நாம் சொல்வது இதனால்தான். பெரியது ஒன்று போதும். மற்றவை உள்ளங்கை அளவில் இருக்கலாம். ஆனால் பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கென ஒன்று, அவள் கைக்கெட்டும் இடத்தில் இருந்தே ஆக வேண்டும்.

கைப்பேசியில்தான் விளக்கு உண்டே என்பது இக்காலத்தார் விடை. கைப்பேசியை விளக்காகச் செலவழித்தால் அழைப்பதற்கு அது இராது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட இரயில் ஏறத்தாழ 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் வெள்ளத்தின் நடுவே நின்றுபோயிற்று. அவர்களுள் பலர் 19 ஆம் நாள்தான் மீட்கப்பட்டனர். அத்தகைய இரவுகளில் கைப்பேசியில் எஞ்சியிருக்கும் ஒவ்வொரு சொட்டு மின்சாரமும் "நாங்கள் உயிரோடு இருக்கிறோம்" என்று வீட்டுக்குச் சொல்வதற்கே உரியது.

சரி, எந்த டார்ச்? கடைக்காரர் முதலில் எடுத்துக் காட்டுவது மிகப் பெரியதும் மிகப் பிரகாசமானதும்தான். எத்தனையோ அடி தூரம் பாயும் என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும். நமக்கு அவ்வளவு தூரம் பார்க்க வேண்டிய தேவை என்ன? கலங்கரை விளக்கம் நடத்தப் போகிறோமா? ஒளியை லூமென் என்ற அலகால் அளக்கிறார்கள். ஒரு மெழுகுதிரியின் ஒளி ஏறத்தாழ 12 லூமென். பழைய 60 வாட் குண்டு பல்பின் ஒளி ஏறத்தாழ 800. வீட்டுக்குள் நடமாட, சோறு பரிமாற, குழந்தையைப் பார்க்க 20 அல்லது 30 லூமென் தாராளம். தண்ணீர் தேங்கிய தெருவைப் பார்க்க 100, 200 இருந்தால் போதும். ஒளி கூடக்கூடக் கட்டை விரைவில் தீரும். ஆகவே ஒளியைக் கூட்டவும் குறைக்கவும் வசதியுள்ள எல்.ஈ.டி. டார்ச்சே சிறந்தது. ஒரே வேகத்தில் எரிந்து தீர்ந்துபோகும் ஆயிரம் லூமென் விளக்கைவிட, மங்கலாகப் பல இரவுகள் எரியும் விளக்கு மேல். கஜாவின்போது இலட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பல சிற்றூர்களுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் வரவில்லை. ஓர் இரவுக்கு விளக்கு வாங்குகிறவர் அந்த ஊர்களை நினைத்துக்கொள்ள வேண்டும்.

மின்னேற்றும் டார்ச்சா, கட்டை போடும் டார்ச்சா என்ற வாதம் பல வீடுகளில் நடக்கிறது. மின்னேற்றுவது சிக்கனமானது, அதை மறுக்கவில்லை. ஆனால் மின்சாரம் இல்லாத காலத்துக்கென்றே வைத்திருக்கும் பொருள் மின்சாரத்தையே எதிர்பார்த்து நிற்பது எவ்வளவு பொருத்தம்? மேலும், பயன்படுத்தாமல் வைத்தாலும் அதன் மின்னேற்றம் மெல்ல மெல்ல இறங்கும். முற்றும் இறங்கியபடி மாதக்கணக்கில் கிடந்தால் உள்ளிருக்கும் பேட்டரியே கெட்டுவிடும். நம் வாக்கு இரண்டுக்கும்: அன்றாட மின்வெட்டுக்கு மின்னேற்றும் விளக்கு, புயலுக்குக் கட்டை போடும் டார்ச். அதிலும் சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் சிறிய கட்டையே அதற்கும் பொருந்துமாறு பார்த்து வாங்க வேண்டும். வானொலிப் பெட்டிக்கும் அதே அளவு இருந்தால் இன்னும் நல்லது. எல்லாவற்றுக்கும் ஒரே கட்டை என்றால் ஆபத்து வேளையில் கடிகாரத்திலிருந்து எடுத்து டார்ச்சில் போடலாம். நேரம் தெரியாவிட்டால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் கட்டைகளை டார்ச்சுக்குள் போட்டு வைக்கக் கூடாது. தனி உறையில் போட்டு டார்ச்சோடு சேர்த்துக் கட்டி வைக்க வேண்டும். பழைய கட்டையையும் புதியதையும் கலந்து போடுவதும் கசிவுக்கு வழி.

தலையில் பட்டை போலக் கட்டிக்கொள்ளும் விளக்கு ஒன்றும் கிடைக்கிறது. பார்க்கச் சற்று வேடிக்கையாக இருக்கும். ஆனால் குழந்தையை ஒரு கையில் இடுக்கி மறு கையால் கஞ்சி ஆற்றும் தாய்க்கு அதைவிட உதவும் விளக்கு வேறில்லை. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு வேலை செய்யும் நிலைமை அவருக்கு நேராது. அறை முழுதும் வெளிச்சம் பரவ வேண்டுமானால் டார்ச்சை நிமிர்த்தி வைத்து, அதன்மேல் தண்ணீர் நிறைந்த கண்ணாடிப் புட்டியை நிறுத்தினால் ஒளி பரவும். வெள்ளைச் சுண்ணாம்பு அடித்த கூரையை நோக்கி வைத்தாலும் சரியே.

மெழுகுதிரியைப் பற்றி ஒரு சொல். பிப்ரவரி 2 ஆம் நாள் ஆலயத்தில் மந்திரித்த மெழுகுதிரியை இடிமழையில் ஏற்றிச் செபிக்கும் வழக்கம் நம் குடும்பங்கள் சிலவற்றில் உண்டு, அது நிலைக்கட்டும். நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு வாங்கியவற்றில் மீதியும் அடைமழைக் காலத்திலேயே கையிருப்பாக இருக்கும். ஆனால் இரவெல்லாம் மெழுகுதிரியை எரியவிட்டு உறங்குவதை நாம் ஏற்கவில்லை. திரைச்சீலையும் கொசுவலையும் இருக்கும் அறையில் அது விளக்கல்ல, வினை. சமையல் எரிவாயு நாற்றம் சற்றேனும் அடித்தால் தீக்குச்சியையே தொடக் கூடாது. சன்னல்களைத் திறந்துவிட்டு வெளியேற வேண்டும்.

மறைக்கல்வி வகுப்பில் பத்துக் கன்னியர் உவமையைக் கேட்கும்போதெல்லாம் நம்மில் பலருக்கு ஒரு நெருடல் உண்டு. முன்மதியுள்ள ஐவர் மற்ற ஐவருக்கு எண்ணெய் கொடுக்க மறுத்தார்களே, இது அன்பா? ஆன்மாவுக்கு வேண்டிய ஆயத்தத்தை ஒருவர் இன்னொருவருக்குக் கடன் தர முடியாது என்று அருட்சகோதரியர் விளக்குவார்கள், அது சரியே. ஆனால் டார்ச் கட்டையைக் கடன் தரலாம். ஆகவே உவமையின் ஐவரைவிட ஒரு படி மேலே போகலாம் என்பது நம் துணிபு. கணக்குப் பார்த்து வாங்கியதற்கு மேல் ஒரு நான்கு கட்டைகள், பக்கத்து வீட்டில் தனியே இருக்கும் முதியவருக்கென்று, உறையின்மேல் அவர் பெயரெழுதியே வைத்துவிடலாம்.

இனி அந்தப் பை. குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டர் தண்ணீராவது வேண்டும். இதைப் பையில் வைக்க முடியாது, எச்சரிக்கை வந்தவுடன் குடங்களில் பிடித்து மூட வேண்டும். உணவுக்கு நூடுல்ஸ் பொட்டலங்களை அடுக்குவோரைப் பார்க்கிறோம். அதை வேகவைக்க அடுப்பும் தண்ணீரும் யார் தருவார்? நம் பாட்டிமாரின் அவலும் வெல்லமும் பொட்டுக்கடலையும் பச்சைத் தண்ணீரிலேயே பசியாற்றும். வயிற்றுப்போக்குக்கு ஒரு லிட்டர் கொதித்தாறிய நீரில் ஆறு சிறு கரண்டி சர்க்கரையும் அரைச் சிறு கரண்டி உப்பும் தலைதட்டிப் போட்டுக் கரைத்தால் போதும். தாத்தாவின் இரத்த அழுத்த மாத்திரை ஒரு வாரத்துக்கு முன்கூட்டியே இருக்கட்டும். பத்து, இருபது ரூபாய்த் தாள்களாகச் சிறிது பணமும் வேண்டும். பணமதிப்பு நீக்கத்துக்கு மறு மாதமே வர்தா வந்தபோது, பண எந்திரமும் அட்டை எந்திரமும் ஓய்ந்த நகரத்தில் கையில் சில்லறை இருந்தவரே பால் வாங்கினார்.

எந்தப் பட்டியலிலும் எளிதில் விடுபட்டுப் போகும் ஒன்றுண்டு: மாதவிடாய்க்கான அணையாடைகள். இதை எழுதக் கூசுவோர் உண்டு, நாம் கூசவில்லை. நிவாரணப் பொருள் வரும்வரை காத்திருக்கக் கூடியதல்ல இது. முகாமில் யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியாமல் ஒரு சிறுமி அழுவதைவிட, ஒரு கட்டும் இரண்டு மாற்றுடைகளும் குப்பைக்கென ஒரு காகித உறையும் பையில் முதலிலேயே இருப்பது நல்லது. அப்பாவுக்குச் சொல்லச் சங்கடமானால் அம்மாவிடம் சொல்லி நாமே வைத்துக்கொள்வோம்.

சான்றிதழ்களை மறக்க வேண்டாம். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மதிப்பெண் பட்டியலும் பட்டாவும் கரைந்துபோனவர்களுக்காக அரசு சிறப்பு முகாம்கள் நடத்தி நகல்களை வழங்க வேண்டியிருந்தது. குடும்ப அட்டை, ஆதார், பத்தாம் வகுப்புச் சான்று, ஞானஸ்நானச் சான்று ஆகியவற்றை இரட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, காற்றை வெளியேற்றிக் கட்டிப் பையின் நடுவில் வைக்கலாம். ஒரு துண்டுத் தாளில் மாநிலப் பேரிடர் உதவி எண் 1070, மாவட்ட எண் 1077, அவசர எண் 112 ஆகியவற்றோடு உறவினர் இருவரின் எண்களையும் கையால் எழுதி வைக்க வேண்டும். கைப்பேசி அணைந்தபின் யாருடைய எண்ணும் நமக்கு மனப்பாடமில்லை அன்றோ?

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். பை உயிருக்காகத்தான். 2004 டிசம்பர் 26 ஞாயிறு காலையில் கடல் பொங்கி வந்தபோது பை எடுக்க நேரமில்லை. நிலம் அதிர்ந்தாலோ கடல் உள்வாங்கினாலோ பையை எடுக்க ஓர் அடியும் திரும்பாமல் மேட்டுக்கு ஓட வேண்டும்.

புயலுக்கோ நாள் கணக்கில் அவகாசம் உண்டு. அந்த அவகாசத்தைப் பயன்படுத்தப் பை ஆயத்தமாக இருக்க வேண்டும். அதைக் காக்கும் பொறுப்பை வீட்டின் மூத்த பெண்பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள் என்று பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறோம். மாதந்தோறும் முதல் வெள்ளித் திருப்பலிக்குப் போய் வந்த கையோடு அவள் டார்ச்சுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பாள்; மின்னேற்றும் விளக்கைச் செருகி வைப்பாள்; மாத்திரையின் காலாவதித் தேதியையும் அவலில் வண்டு விழுந்ததா என்பதையும் பார்ப்பாள். பிறகு ஒரு மாலை, செபமாலை முடிந்ததும், முன்னறிவிப்பில்லாமல் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு எண்ணத் தொடங்குவாள். இருபது எண்ணுவதற்குள் வீட்டிலுள்ள ஒவ்வொருவர் கையிலும் வெளிச்சம் இருக்க வேண்டும். பாட்டி கையிலும்.