குற்றம் காலிலா, காரிலா?



அண்மையில் பேசாலைப் பக்கம் களப்பணிக்குப் போயிருந்தேன். அங்கே எனக்குப் பழக்கமான ஓர் அக்கா இருக்கிறார். கணவர் விட்டுச் சென்ற சிறிய பெற்றோல் காரில் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி இறக்கி, அந்த வருமானத்தில் தன் மூன்று பிள்ளைகளையும் படிக்க வைப்பவர். அன்று கார் வாசலில் தூசு படிந்து நின்றது.

"என்னக்கா, ஓட்டமில்லையா?"

"விற்கப் போறன் தங்கச்சி. மெதுவாப் போனால் துள்ளுது. பொம்பிளை ஓட்டினால் இப்பிடித்தான் என்று சனம் கதைக்குது. ரெண்டு தாய்மார் பிள்ளையளையும் நிப்பாட்டிப் போட்டினம்."

கராச்சில் காட்டினாரா என்று கேட்டேன். காட்டியிருக்கிறார். "காரில ஒண்டுமில்லை, உங்களுக்குத்தான் கிளச் விடத் தெரியேல்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம்.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது பால்நிலைப் பாகுபாடு பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். அதெல்லாம் இந்த ஒரு வாசலில் அடங்கிவிட்டது. ஆண் ஓட்டும் கார் துள்ளினால் கார் பழுது. பெண் ஓட்டும் கார் துள்ளினால் பெண் பழுது! கேட்டுக் கேட்டு அந்த அக்காவே அதை நம்பிவிட்டார்.

எங்கள் தீவில் மெதுவாக ஓட்டாமல் முடியாது. மன்னார் நகரில் கழுதைகள் நடு வீதியில் நின்று யோசிக்கும். பாடசாலை விடும் நேரத்தில் பிள்ளைகளும் சைக்கிள்களுமாக வீதி நிறைந்துவிடும். அந்த வேளையில் கார் திடீரென முன்னே பாய்ந்தால் என்ன நடக்கும்? ஆகவே இதைச் சிறு விடயமென்று விடக் கூடாது.

குறை காலிலா, காரிலா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். சமதரையில் காரை நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்து, கியரை நியூற்றலில் வைத்து எஞ்சினை ஓட விடுங்கள். அக்சிலேற்றரை மிக மெதுவாக அழுத்துங்கள். சத்தம் சீராக ஏறினால் நல்லது. முதலில் ஒன்றும் நடக்காமல் இருந்து, பிறகு ஒரேயடியாகச் சீறினால் குறை காரில்தான். அடுத்து, அனுபவமுள்ள ஒருவரை அதே வீதியில் அதே காரை ஓட்டச் சொல்லுங்கள். அவர் கையிலும் துள்ளுகிறதா என்று பாருங்கள்.

நாங்கள் அன்றே செய்து பார்த்தோம். கார் சீறியது. அக்காவின் முகத்தில் ஓர் ஆறுதல் தெரிந்தது.

இது ஏன் நடக்கிறது? அக்சிலேற்றரை அழுத்தும்போது ஒரு கேபிள், எஞ்சினுக்குள் காற்றுப் போகும் வாயிலில் உள்ள வட்டத் தகட்டைத் திறக்கிறது. அந்தப் பகுதிக்குத் திரொட்டில் பொடி என்று பெயர். எண்ணெய் ஆவியும் கரியும் தகட்டின் விளிம்பில் படிந்தால் தகடு ஒட்டிக்கொள்ளும். கூட அழுத்த வேண்டிவரும். ஒட்டு விட்டதும் தேவைக்கு மேல் திறந்துவிடும். மிச்சம் வைத்த தோசைக்கல்லில் தோசை ஒட்டுவதும், இழுத்தால் ஒரேயடியாக வருவதும் போலத்தான். எங்கள் உப்புக் காற்றில் கேபிளும் துருப்பிடித்து இறுகும், அல்லது தளர்ந்து போகும்.

செலவு குறைந்ததிலிருந்து தொடங்குங்கள்:

1. எயார் பில்டரைக் கழற்றிப் பாருங்கள். மணலும் தூசும் அடைத்திருந்தால் மாற்றுங்கள்.

2. கேபிள் தடையின்றி ஓடுகிறதா, அளவுக்கு மிஞ்சித் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சிறிதளவு தளர்வு இருக்கத்தான் வேண்டும். அதிகமென்றால் நட்டைத் திருப்பிச் சரிசெய்யலாம்.

3. எஞ்சின் ஆறிய பின், திறப்பை எடுத்துவிட்டு, திரொட்டில் பொடிக்கென விற்கும் கிளீனரைத் துணியில் தெளித்துத் தகட்டின் விளிம்பைத் துடையுங்கள். கம்பித் தூரிகை வேண்டாம். பக்கத்தில் நெருப்பு இருக்கவே கூடாது. கேபிள் இல்லாமல் மின்சாரத்தில் இயங்கும் திரொட்டில் என்றால் தகட்டைக் கையால் தள்ளாமல் கராச்சில் கொடுங்கள்.

4. வெடித்த இறப்பர்க் குழாய், தேய்ந்த பிளக், துருப்பிடித்த எர்த் வயர் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள்.

5. திரொட்டிலின் நிலையை அறிவிக்கும் சென்சரை மல்ரிமீற்றரால் சோதிக்கலாம். தகடு மெதுவாகத் திறக்கும்போது வோல்ற் அளவு சீராக ஏற வேண்டும். இடையில் அறுந்து அறுந்து குதித்தால் சென்சரை மாற்ற வேண்டும்.

6. எஞ்சினைத் தாங்கும் இறப்பர் மவுண்ட் கிழிந்திருந்தால் சிறு துள்ளலும் பெரிதாகத் தெரியும்.

இனி எங்கள் பக்கத்தையும் ஒளிக்காமல் பார்ப்போம். நல்ல காரும் சிலவேளை துள்ளும். இன்றைய கார்களில் அக்சிலேற்றரை முழுதாக விட்டவுடன் பெற்றோல் நிறுத்தப்படும். எஞ்சின் வேகம் குறைந்ததும் மறுபடி விடப்படும். முதலாம் கியரில் அது நன்றாகத் தெரியும். ஆகவே மெல்லப் போகும்போது காலை வெடுக்கென எடுக்காதீர்கள். குதிக்காலைத் தரையில் ஊன்றி விரல்பக்கத்தால் அழுத்துங்கள். மூன்றாம் கியரில் ஊர்ந்து போகாதீர்கள், இரண்டுக்கு வாருங்கள். பாட்டாச் செருப்புடன் ஓட்டாதீர்கள். சேலைத் தலைப்பையும் கரையையும் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

கராச்சுக்குப் போனால் "கார் சரியில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்தக் கியரில், எந்த வேகத்தில், எஞ்சின் சூடாக இருக்கும்போதா ஆறியிருக்கும்போதா, கால் வைக்கும்போதா எடுக்கும்போதா என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். மெக்கானிக்கைப் பக்கத்தில் ஏற்றி, துள்ளும் வீதியில் நீங்களே ஓட்டிக் காட்டுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

கார் ஆணுக்குரிய அறிவு என்று யார் சொன்னது? 1888 ஆகஸ்ட் மாதத்தில் ஜேர்மனியில் பெர்த்தா பென்ஸ் என்ற பெண், கணவருக்குச் சொல்லாமல், தன் இரு மகன்களுடன் அவர் கண்டுபிடித்த மோட்டார் வண்டியில் மன்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைம் வரை ஏறக்குறைய 100 கிலோமீற்றர் ஓட்டிச் சென்றார். வழியில் எரிபொருட் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்தித் திறந்தார். உலகின் முதல் நெடுந்தூர மோட்டார்ப் பயணத்தை ஓட்டியதும், பழுது பார்த்ததும் ஒரு தாய்தான். 1993இல் கன்னியாகுமரி மாவட்டத்து வசந்தகுமாரி, தமிழ்நாட்டு அரசுப் பேருந்தின் ஓட்டுநரானார். அவர்கள் கையில் வந்தது எங்கள் கையில் வராதா?

பேசாலை அக்காவின் காரை வேறொரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். கேபிள் தளர்ந்து துருவேறியிருந்தது. திரொட்டில் தகட்டின் விளிம்பு கரிச்சட்டியின் அடி போலிருந்தது. துடைத்து, கேபிளை மாற்றியதும் துள்ளல் பெரும்பாலும் போய்விட்டது. ஒரு மவுண்டும் கிழிந்திருக்கிறது. அதற்குக் காசு சேர்க்கிறார். 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இந்தக் காரை விற்றிருந்தால் இன்னொன்று வாங்க அவரால் முடிந்திருக்குமா?

பிள்ளையை நிறுத்திய தாய்மாரில் ஒருவர் திரும்பி வந்துவிட்டார். மற்றவர் இன்னும் வரவில்லை. "வராட்டிப் பரவாயில்லை. பிழை என்ரையில்லை என்று தெரிஞ்சுதே, அது போதும்" என்றார் அக்கா.

சகோதரிகளே, அடுத்த முறை உங்கள் கார் துள்ளினால் உங்களைக் குறை சொல்ல முன், பொனற்றைத் திறந்து பாருங்கள்.