முகமூடிக்குக் கால் உண்டு

இந்த இதழின் அட்டையில் ஒரு முகமூடி வந்திருக்க வேண்டும். வரைந்தவர் தெலுக் பங்லிமா காராங்கில் பிறந்து வளர்ந்த நுண்கலை மாணவி. அவர் வீட்டிலிருந்து லங்காட் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் கேரித் தீவு. செம்பனைக்கு நடுவே ஓடும் சாலையில் போனால் மா மெரி பழங்குடி மக்களின் கம்பமான சுங்கை பும்புன். அங்கே செதுக்கும் முகமூடிகளைப் பல வாரம் உட்கார்ந்து கரிக்கோலில் தீட்டியிருந்தார். அச்சுக்குப் போக இரண்டு நாள் இருக்கையில் வந்து, "அண்ணே, இத போடாதீங்க. முகத்த மட்டும் பிச்சு எடுத்துக்கிட்டு வந்துட்டேன்" என்றார்.

படம் நன்றாக இருந்தது. அதனாலேயே அவர் சொன்னது எங்களை உலுக்கியது.

பிக்காசோ 1907இல் பாரிஸின் திரொக்கதேரோ அருங்காட்சியகத்தில் ஆப்பிரிக்க முகமூடிகளைக் கண்டு அதிர்ந்த கதை ஓவியம் படிக்கும் பிள்ளைகளுக்குப் பாடம். நவீன ஓவியத்தின் திசை அதன்பின் மாறியது உண்மைதான். ஆனால் அவர் கண்டவை உடலை இழந்த முகங்கள். அவற்றைச் சுமந்து ஆடியவரும், அடித்த மேளமும், சுற்றி நின்ற ஊரும் கப்பலேறவில்லை. நாமும் அந்தப் பாடத்தையே படித்துவிட்டு, முகமூடி என்றால் சுவரில் மாட்டுவது என்று நினைத்துக்கொள்கிறோம்.

சுங்கை பும்புனில் அது ஆடுவதற்கானது. ஆட்டத்தின் பெயர் ஜோ-ஓ. நடுவே ஒரு மண்மேடு. அதைச் சுற்றி ஆட்டம். முகமூடி ஆண்களுக்கு. பெண்கள் நிப்பா ஓலையை மடித்துப் பின்னிய தலைப்பட்டையும் ஓலை ஆடையும் அணிந்து வருகிறார்கள். தாவாக் என்ற சேகண்டி, தம்போ மத்தளம், தரையில் மோதி ஒலிக்கும் மூங்கில் குழாய்கள், இவற்றோடு எப்படியோ வந்து சேர்ந்துவிட்ட ஒரு வயலின். முகமூடிக்கு எடை குறைந்த பூலாய் மரம். நம் ஏழிலைப்பாலையும் அதே இனம். சிற்பங்களுக்குச் சதுப்பில் வளரும், சிவப்போடிய நைரே பத்து. ஒவ்வொரு முகமும் ஒரு மோயாங், மூதாதை ஆவி. ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை. ஹரி மோயாங் விழா சீனப் புத்தாண்டுக்கு ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து வருகிறது. சரியான நாளைச் சொல்வது பூசாரிக்கு வரும் கனவு. ஆவிவீட்டை ஓலைப் பின்னலால் நிறைக்கிறார்கள், சாம்பிராணி புகைகிறது, வருபவர்களை அரிசிமாவு நீரால் வாழ்த்துகிறார்கள். குருத்தோலைத் தோரணம் கட்டி, விபூதிக்கு நெற்றி நீட்டி வளர்ந்த பிள்ளைக்கு இதில் எது அந்நியம்?

நம்மிடமும் முகமூடி உண்டு. தஞ்சை மாவட்டத்து மெலட்டூரில் நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி நடக்கும் பாகவத மேளாவுக்கான நரசிம்மர் முகமூடி, நாடகப் பெட்டியில் கிடக்கும் பொருள் அன்று, பூசை பெறுவது. அதை அணிபவர் விரதம் இருந்து அணிகிறார். வட மலபாரில் தெய்யம் ஆடுபவர் முகத்தெழுத்து முடிந்து கண்ணாடியில் தன்னைப் பார்க்கும் நொடியில்தான் தெய்வமாகிறார். நம் தோட்டத்து மாரியம்மன் திருவிழாக்களில் மரமும் வேண்டியதில்லை, வண்ணமும் வேண்டியதில்லை. மஞ்சளும் வேப்பிலையும் உடுக்கையும் போதும். எதிர்வீட்டு அக்காவின் முகமே வேறு முகமாகிவிடும். "யாரு வந்திருக்கிறது?" என்று கைகூப்பிக் கேட்போமே, அந்தக் கேள்வியோடு போகிறவருக்கு மா மெரி முகமூடியின் முன் எப்படி நிற்பது என்று யாரும் சொல்லித்தர வேண்டாம்.

ஆனால் நாம் போகவில்லை. எட்வர்ட் வாலண்டைன் கேரி என்ற துரையின் பெயர் தாங்கிய அந்தத் தீவில் தலைமுறைகளாக நாமும் அவர்களும் அக்கம்பக்கம். காட்டைத் திருத்தித் தோட்டமாக்கும் முடிவு துரைமாருடையது. வேலை செய்த கைகளில் நம் தாத்தா பாட்டிகளின் கைகளும் உண்டு. அந்த மக்களை இழிவாகச் சுட்டும் 'சாக்காய்' என்ற சொல்லைக் கூச்சமின்றி வீட்டுக்குள் புழங்கியவர்களும் நாம்தான். நான் சிறுவனாக அதைச் சொல்லியிருக்கிறேன். இன்று நைரே பத்து எளிதில் கிடைப்பதில்லை. மரம் அருகும்போது செதுக்குவோரும் அருகுவார்கள். இதைப் பற்றி மலேசியத் தமிழில் எவ்வளவு எழுதியிருக்கிறோம்?

பயணிகளுக்காக அங்கே நடக்கும் ஆட்டத்தைப் பார்ப்பதில் தவறில்லை. அதில் வரும் காசு அவர்களுக்கு வேண்டும். ஆனால் கலை படிக்கிறவர்கள் அதோடு திரும்பிவிடக் கூடாது. விழாவுக்குச் சில நாள் முன்னதாகப் போங்கள். ஓலை சுமக்க ஆள் வேண்டியிருக்கும். எந்த மோயாங்கை வரையலாம், எதை வரையக்கூடாது என்று கேளுங்கள். கூடாது என்றால் பென்சிலை உள்ளே வையுங்கள். இப்படிப் போய்வந்தவர்களின் எழுத்துக்கும் படத்துக்கும் அடுத்த இதழிலிருந்து எட்டுப் பக்கம் ஒதுக்குகிறோம்.

மாணவி அதன்பின் மீண்டும் போனார். இம்முறை முகமூடிப் பக்கம் போகாமல் ஓலை மடிக்கும் பெண்களோடு உட்கார்ந்திருக்கிறார். ஒரு பாட்டி மடிப்பு ஒன்றைச் சொல்லிக்கொடுத்தாராம். மூன்று முறை மடித்தும் மூன்று முறையும் அவிழ்ந்துவிட்டது. அட்டையில் நீங்கள் பார்ப்பது அந்தப் பாட்டியின் விரல்களையும், பக்கத்தில் பாயின்மேல் அவிழ்ந்து கிடக்கும் மூன்றாவது ஓலையையும்.