ஆடிக் காற்றும் சோம்பேறி வேதாந்தமும்

நம் நாட்டுப் பஞ்சாங்கக்காரர்கள் ஆடியை ஆகாத மாதமென்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அம்மாதத்தில் கலியாணம் கூடாதாம். புது வீடு குடிபோகவும் கூடாதாம். ஆனால் ஆரல்வாய்மொழியிலும் முப்பந்தலிலும் உள்ள காற்றாலைகளுக்கு முகூர்த்த மாதமே ஆடிதான். தென்மேற்குப் பருவக்காற்று மலைக் கணவாய்க்குள் நெருக்கிப் புகுந்து வேகங்கொள்வதே இதற்குக் காரணமேயொழிய, வாயு பகவானின் கடாட்சம் அல்ல.

இது நிற்க, படித்தவர்களிலும் சிலர், "காற்று நினைத்தால் வீசும், நினைத்தால் நிற்கும், அதை நம்பி விளக்கெரிக்க முடியுமா?" என்கிறார்கள். இதற்கும் "எல்லாம் பகவான் சித்தம்" என்பதற்கும் என்ன பேதம் என்று நாம் கேட்கின்றோம்.

கஷ்டம் இல்லையென்று நாம் சொல்லவில்லை. காற்றின் வேகம் இருமடங்கானால் அதன் சக்தி எட்டு மடங்காகிறது. வேகம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் சக்தி கால் பங்குக்கு மேல் குறைகிறது. மின்சாரமோ, உற்பத்தியும் செலவும் நொடிக்கு நொடி சரிசமமாயிருக்க வேண்டிய சரக்கு. சமம் கெட்டால் வினாடிக்கு 50 என்ற அலைவு எண் தடுமாறும். அதிகமாய்க் கெட்டால் ஊரே இருளும். ஆனால் கஷ்டம் என்பது தலைவிதி ஆகிவிடுமா?

வானிலைக் கணிதத்தைக் கொண்டு, ஒரு நாளை 15 நிமிஷம் வீதம் 96 கூறாக்கி, ஒவ்வொரு கூறுக்கும் காற்று மின்சாரத்தை முன்னதாகவே கணக்கிடுகிறார்கள். தப்பினால் திருத்திக்கொள்கிறார்கள். பஞ்சாங்கம் தப்பினால் திருத்துவாருண்டா? மிஞ்சும் மின்சாரத்தால் தண்ணீரை மேலேற்றி, வேண்டும்போது கீழே விட்டு மின்சாரமாக்க, கோவை மாவட்டம் காடம்பாறையில் 400 மெகாவாட் நிலையம் 1980-களிலேயே அமைக்கப்பட்டது. 2013-ம் வருஷம் டிசம்பர் 31-ந் தேதி ராய்ச்சூர் - சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை மூலம் தென்னாட்டு மின்கட்டமைப்பு நாட்டின் பிற பகுதிகளோடு இணைந்தது. இங்கு மிஞ்சுவதை அங்கு அனுப்ப வழி பிறந்தது.

இவ்வளவு இருந்தும், காற்று பலமாய் அடிக்கும்போது காற்றாலையை நிறுத்தச் சொல்லிவிட்டு, காசு கொடுத்து வாங்கிய நிலக்கரியை எரிக்கும் அநியாயம் ஒழிந்தபாடில்லை. நிலக்கரி உலையை நினைத்தவுடன் அணைத்து ஏற்ற முடியாது என்பது மெய்யே. ஆயினும் அதை 40 சதவீதம் வரை தணித்து ஓட்டும் தகுதி வேண்டுமென்று 2023-ல் மத்திய மின்சார ஆணையம் விதியே செய்துவிட்டது. கம்பிக் கோளாறோ கட்டமைப்பின் பத்திரமோ காரணமாயிருந்தாலன்றிக் காற்று மின்சாரத்தை நிறுத்தக்கூடாதென்றும், மீறினால் நஷ்டஈடு தரவேண்டுமென்றும் 2021-ல் மத்திய சர்க்கார் விதி செய்தது. விதியை ஏட்டில் வைத்துப் பூஜை செய்வதற்கா செய்தார்கள்?

காற்றை நிறுத்துவதால் காற்றுக்கு நஷ்டமில்லை. அந்த நிலக்கரியின் விலை, ஒற்றை விளக்கு எரிக்கும் கூலிக்காரன் கட்டும் கட்டணத்தில் வந்து விடிகிறது. அதன் புகை அவன் பிள்ளையின் நெஞ்சில் போய்த் தங்குகிறது. ஆகவே நீரேற்று நிலையங்கள் பெருக வேண்டும். கம்பிப் பாதைகள் காற்றாலைக்கு முன்பே போடப்பட வேண்டும். கணக்கிடுவோர் சொல்லுக்கு மதிப்பு வேண்டும்.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அம்மி இருந்துவிட்டுப் போகட்டும். "நம் கையில் என்ன இருக்கிறது" என்னும் சோம்பேறி வேதாந்தம் முதலில் பறக்கட்டும்.