ஐந்து நட்சத்திரம் வாங்கிய அநியாயம்

(கதை தெரிந்துவிடும். விளையாடாதவர்கள் எஸ்கேப் ஆகிக்கலாம்!)

எல்.ஏ. நுவார் (2011) கேமில் கடைசி கோப்பையும் நேற்று ராத்திரி விழுந்தது. 50 ஃபிலிம் டப்பா, 95 வண்டி, 40 தெருக் குற்றம், எல்லாக் கதை வழக்கிலும் ஐந்து நட்சத்திரம். தரமணி ரூமில் ஒரே கொண்டாட்டம்!

அப்புறம்தான் உறைத்தது. கொலைப் பிரிவில் நான் உள்ளே தள்ளிய ஒருவர்கூட அந்தக் கொலைகளைச் செய்யவில்லை. கொலைகாரன் வேறொருவன் என்று கேமே பிறகு சொல்கிறது. ஆனாலும் என் நட்சத்திரம் ஒன்றுகூடக் குறையவில்லை. தடயத்தை ஒழுங்காகப் பொறுக்கி, சொன்ன ஆளைப் பிடித்தால் போதும்.

ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆகிவிட்டால் கணக்கு சரி என்று அர்த்தமில்லை. பி.காம் முதல் வருஷமே சொல்லிக் கொடுத்தார்கள், எனக்குத்தான் இப்போது புரிகிறது.

நூறு சதவீதத்துக்காக விளையாடியதில் வருத்தமில்லை. ஆனால் மார்க்கையும் நியாயத்தையும் ஒன்று என்று நினைச்சுடாதீங்க மக்களே!